மீட்டர் காட்டாத ஒரு கிலோமீட்டர்

ஆறு வருஷம் யாருக்கோ டாக்சியாக ஓடியது.
மஞ்சள் போர்டை வெள்ளையாக்கி
கதவிலிருந்த போன் நம்பரைச் சுரண்டி எடுத்தும்
வெயில் சாய்ந்து விழும்போது
கடைசி நான்கு எண்கள் இன்னும் தெரியும்:
ஏழு ஏழு ஒன்று இரண்டு.

குரங்குச்சாவடியில் அமல்ராஜ் கடை.
பதினாலு இன்ச் இரும்பு ரிம்மை
ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தான்.
வீல் கேப்பில் ஒன்று முன்பே காணோம்.
ஓமலூர் ரோட்டில் எங்கோ உருண்டுபோய்
எவர் வீட்டுக் கோழிக்கோ தண்ணீர் ஏந்துகிறது.

பதினைந்து இன்ச் அலாய்,
நூற்றெண்பத்தைந்து அகல டயர்,
நாற்பது மில்லி தாழ்த்தும் ஸ்பிரிங்.
"எவ்வளவு?" என்றாள் மரகதவல்லி.
பாதியைச் சொன்னேன்.
அந்தப் பாதிக்கே
குக்கர் விசிலை எண்ணத் தவறினாள்.

சிவதாபுரத்தில் கொலுசுக்குச் சலங்கை வைப்பவன் நான்.
ஒரு நாளைக்கு எண்ணூறு.
காதோரம் ஆட்டிப் பார்த்து
ஊமையைத் தனியே போடுவேன்.
அதனால் சைலன்சரை மட்டும்
அமல்ராஜ் இஷ்டத்துக்கு விடவில்லை.
அவன் காட்டியதெல்லாம் தகர டப்பாவுக்குள் நாய்.
நான்காவது குழாய்தான்
மூவாயிரம் சுற்றுக்கு மேல்
தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தது.
"இது" என்றேன்.

அஞ்சு ரோட்டில் ஒரு போலீஸ்காரருக்கும்
என்னைப் போலவே காது.
ரசீதில் காரணம் எழுதும் இடத்தில்
'ஒலி' என்று மட்டும் எழுதினார்.
மடித்து ஆர்.சி.யோடு வைத்திருக்கிறேன்.

விடிகாலை ஐந்து மணி.
மலை ரோட்டில் பால் வண்டி தவிர யாருமில்லை.
பழைய காலுடன் இருந்தபோது
மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்
தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் சாயும்.
இன்று சாயவில்லை.
ஸ்டியரிங்கில் சொன்னது டயருக்குக் கேட்கிறது.
ஏழாவதில் வயிறு கொஞ்சம் லேசானது,
அதை யாரிடமும் சொல்வதாயில்லை.
பதினொன்றில் கீழே சேலம்:
பட்டறைப் பலகையில்
கூட்ட மறந்த வெள்ளித் தூள்.

ஏற்காடு ஏரியோரம் நிறுத்தி மீட்டரைப் பார்த்தேன்.
எப்போதும் முப்பது வரும்.
இருபத்தொன்பதுதான் இருந்தது.
அமல்ராஜைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டேன்.
"டயர் பெருசாச்சுல்லண்ணே,
வண்டிக்கு அது தெரியாது.
இன்னும் பழைய காலாலயே எண்ணிக்கிட்டிருக்கு."

எனக்குப் பிடித்துப்போனது.
போன தூரத்தை முழுசாக ஒப்புக்கொள்ளாமல்
ஒரு கிலோமீட்டரை மடியில் முடிந்துகொண்டு
வாயை மூடி நிற்கிறது.
பாதி விலை சொன்னவனுக்கு வாய்த்த வண்டி.

அடுத்த ஞாயிறு வல்லி, அவள் தங்கை, சகலை.
அடிவாரத்துச் செக்போஸ்ட் வேகத்தடையில்
அடிவயிறு உரசி நின்றது.
முன்னால் போனாலும் கர்ர், பின்னால் வந்தாலும் கர்ர்.
மினி பஸ் ஹாரனை விட்டுக் கை எடுக்கவில்லை.
முதலில் அவள்தான் கதவைத் திறந்து இறங்கினாள்.
தங்கை இறங்கினாள்.
முறுக்குப் பொட்டலத்தோடு சகலையும்.
மூவரும் வேகத்தடையை
வாய்க்கால் தாண்டுவதுபோல் நடந்து கடந்தார்கள்.
எடை போன கார் இரண்டு விரல் எழும்பி
கோணலாக, சக்கரம் சக்கரமாக
ஏறி இறங்கியது.
செக்போஸ்ட்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

அத்தனை சத்தத்திலும் கேட்டது,
அவள் இடது கொலுசில்
ஒரு சலங்கை ஊமை.
நான் வைத்ததுதான்.
எப்படித் தப்பியது?

ஏறி உட்கார்ந்தாள்.
சரியாகச் சாத்தாத கதவை
இரண்டாம் முறை அறைந்து சாத்தினாள்.
"மீதிப் பாதி எவ்வளவு?"

முதல் வளைவு வரும்வரை
கியர் கம்பியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.